பரஸ்தானம் வைத்த பெட்டி

என் அக்காளின் கணவர் அபிசீனியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போன காலத்தில், திண்டுக்கல்லில் ஒருவர் கடலைத் தாண்ட வேண்டுமானால் முதலில் தாலுகா ஆபீசைத் தாண்ட வேண்டும். அறுபதுகளின் தொடக்கம் அது. அந்த ஆபீசில் நான் குமாஸ்தா. மனுவில் இடது பக்கம் எவ்வளவு ஓரம் விட வேண்டும் என்பதிலிருந்து, விசாரணைக்கு வரும் ஏட்டையாவுக்கு மோர் கொடுப்பதா காப்பி கொடுப்பதா என்பது வரை எல்லா முறைகளும் எனக்குத் தெரியும். மச்சானின் பாஸ்போர்ட், நன்னடத்தைச் சான்று, ஜாமீன் பத்திரம், அந்நியச் செலாவணிப் பாரம், அம்மை குத்திக்கொண்டதற்கான மஞ்சள் புத்தகம் எல்லாம் என் கை வழியாகத்தான் வந்தன. எதிலும் ஒரு பிழை கிடையாது. பிழை இல்லாத காகிதங்களோடு ஒரு மனிதன் எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம் என்று அப்போது நம்பினேன்.

மச்சான் கணக்கு வாத்தியார். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் இருந்தார். அபிசீனிய அரசாங்கத்துக்கு வாத்தியார்கள் தேவை என்று பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதிப்போட்டு, சென்னைக்குப் போய்ப் பேட்டி கொடுத்து, தேர்வாகி வந்துவிட்டார். பள்ளி நிர்வாகம் அவருடைய ராஜினாமாவை மிகுந்த வருத்தத்தோடு அன்று மாலையே ஏற்றுக்கொண்டு, மறுநாள் காலை தாளாளரின் மருமகனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. ஆக, மச்சானுக்குத் திரும்பி வந்து உட்கார இடம் இல்லை. பம்பாயில் குறித்த கப்பலில் ஏறாவிட்டால், தேர்வுப் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு வேலை போய்விடும். அக்காளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் எங்கள் அப்பா வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. கப்பல் தவறினால் மச்சானும் அங்கேதான் இருக்க வேண்டும். மாமனார் வீட்டில் வேலையில்லாமல் உட்காருவது எப்படிப்பட்டது என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கப்பலைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு செவ்வாய்க்கிழமை வடக்கே ரயிலேற வேண்டியிருந்தது. வினை அங்கே தொடங்கியது.

"மாப்பிள்ளை, செவ்வாக்கெழம வடக்க சூலம்" என்றார் அப்பா.

"கப்பல்காரனுக்கு அது தெரியாது மாமா."

"அவனுக்குத் தெரியலேன்னா என்ன, நமக்குத் தெரியும்ல."

இதற்குப் பரிகாரம் உண்டு. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். நல்ல நாளும் கிளம்பும் நாளும் ஒத்து வராவிட்டால், நல்ல நாளில் பிரயாணியின் பொருள் ஒன்றை, போகும் திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் புறப்பட்டாலும் அது மிச்சப் பயணம்தான். வைத்த பொருளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும். சர்க்காரிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது: வேலையில் சேராத ஒருவரை, சேர்ந்ததாகக் கருதி உத்தரவு போடுவோம். அதனால் எனக்கு இது பெரிய மூடத்தனமாகத் தோன்றவில்லை.

வழக்கமாக ஒரு வேட்டியிலோ துண்டிலோ கொஞ்சம் அரிசியும் மஞ்சளும் முடிந்து வைப்பார்கள். மச்சான் கேலி பேசத் தொடங்கினார்.

"ஒரு துண்டத் தூக்கி வச்சுட்டு நான் போயிட்டேன்னு சொன்னா எப்படி மாமா? துண்டு இல்லாம நான் போயிருவேனே. பாஸ்போர்ட்டு இல்லாமத்தான் போக முடியாது. வச்சா அதத்தான வைக்கணும்?"

கேலி என்பது அப்பாவுக்குக் காதில் விழாத ஒரு சங்கதி. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"படிச்சவுக படிச்சவுகதான்" என்றார். "இது எங்களுக்குத் தோணலையே."

மச்சான் என்னைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் தானே போட்ட கணக்கை எப்படித் தப்பு என்பார்? மறுநாள் நல்ல நாள். தகரப் பெட்டியில் பாஸ்போர்ட்டும் மஞ்சள் புத்தகமும் கப்பல் டிக்கெட்டும் வேலை உத்தரவும் புதிய சூட்டும் அடுக்கிப் பூட்டப்பட்டன. பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டு. சாவி மச்சானின் அரைஞாண் கயிற்றில். படுக்கையைச் சுருட்டிக் கட்டிய ஹோல்டாலையும் சேர்த்து, அப்பாவே பஸ்ஸில் ஏற்றி, வடமதுரையில் இருந்த தன் தங்கையின் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வடமதுரை எங்களுக்கு வடக்கே, திருச்சி ரயில் பாதையில் இருக்கிறது. செவ்வாயன்று பஸ்ஸில் அங்கே போய், சாமான்களை எடுத்துக்கொண்டு, அந்த ஊர் ஸ்டேஷனிலேயே மத்தியான பாசஞ்சரில் ஏறிவிடலாம். அருமையான திட்டம். என்னிடம் கொடுத்திருந்தால் நானே 'ஏற்கலாம்' என்று குறிப்பு எழுதியிருப்பேன்.

அந்தப் பங்குனியில் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வந்த வண்டிக்காரர்கள், அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு வேப்பிலை தொங்குகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். ஆபீசுக்குச் சுற்றறிக்கை வந்தது. பெரியம்மை கண்டால் கிராம முன்சீப் உடனே தெரிவிக்க வேண்டும். கண்ட வீட்டிலிருந்து துணி, படுக்கை, சாமான் எதுவும் வெளியே போகக் கூடாது. அங்கே போய்வந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஊரை விட்டு நகரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் படித்து, இனிஷியல் போட்டு, கோப்பில் சேர்த்தேன். கோப்பில் சேர்ந்துவிட்ட விஷயம் முடிந்த விஷயம் என்பது எங்கள் ஆபீசின் மதம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா அழவில்லை. பிள்ளைகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "போய்ச் சேர்ந்ததும் தந்தி குடுங்க" என்றாள். அப்புறம் என்னிடம், "ரயிலு கெளம்புறதப் பாத்துட்டு வா. பாதியில வந்துராத" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. நானும் மச்சானும் கைவீசிக்கொண்டு பஸ் ஏறினோம். அபிசீனியாவுக்குப் போகிற மனிதர் கையில் ஒரு மஞ்சள் பைகூட இல்லை.

வடமதுரையில் இறங்கி அத்தையின் தெருவுக்குள் நுழைந்ததும் மச்சான் நடையைக் குறைத்தார். தெருவில் ஆள் இல்லை. கிணற்றடியில் வாளிச் சத்தம் இல்லை. எந்த வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசனை இல்லை. பதினொரு மணி வெயிலில் ஒரு தெரு முழுக்கத் தாளிப்பு இல்லாமல் சமைக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அத்தை வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பச்சை வாடவில்லை.

அத்தை வெளியே வந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. அம்மை கண்ட வீட்டில் வாங்க என்றும் சொல்லக் கூடாது, போங்க என்றும் சொல்லக் கூடாது.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

"யாருக்கு அத்தே?"

"பாப்பாவுக்குத்தான். முத்து நல்லா எறங்கியிருக்கு."

பாப்பா என்பது அவளுடைய ஒரே மகள். பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தாள். எனக்கு முறைப்பெண். பேச்சு இன்னும் வெளிப்படையாக எடுக்கவில்லையே தவிர, எடுக்கப்போகிறார்கள் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

"ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதா சின்னம்மா?" என்றார் மச்சான். என் அத்தை அவருக்குச் சின்னம்மா முறை.

"அதெப்படி மாப்பிள்ளை சொல்லியனுப்புறது? ஆத்தா வந்திருக்கான்னு ஊரூருக்கு ஆள் விட்டா அவ கோவிச்சுக்க மாட்டாளா?"

மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தார். நடு அறையில் இருட்டு. பாயில் யாரோ சுருண்டு கிடப்பது தெரிந்தது. தலைமாட்டில் எங்கள் தகரப் பெட்டி. அதன்மேல் மஞ்சள் துணி விரித்து, வேப்பிலை செருகிய செம்பு ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

"வீட்டுல வேற ஒசரமா எதுவும் இல்ல" என்றாள் அத்தை. "ஆத்தாளத் தரையிலயா வைக்க முடியும்?"

அதாவது, அபிசீனியாவுக்குப் போவதற்கான சகல காகிதங்களின் மேலும் மாரியம்மன் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரை அந்தச் செம்பை அசைக்கக் கூடாது. வீட்டிலிருந்து உப்பு, நெருப்பு, ஒரு துரும்பு எதுவும் வெளியே போகக் கூடாது. என் ஆபீஸ் கோப்பிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். அம்மனும் அரசாங்கமும் ஒரே உத்தரவு போட்டு என் வாழ்நாளில் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பெட்டிய நீங்களே வச்சுக்கங்க" என்றார் மச்சான். "இந்தா சாவி. தெறந்து, மேலாப்ல ஒரு நீலப் புத்தகம், ஒரு மஞ்சப் புத்தகம், ஒரு கவரு. அத மட்டும் எடுத்துக் குடுங்க."

"சாவி உள்ள வரலாம் மாப்பிள்ளை. ஒண்ணும் வெளிய போகக் கூடாதுல்ல."

"சின்னம்மா, கப்பல் போயிரும்."

"போகட்டுமே. அடுத்த கப்பல்ல போனா என்ன?"

அடுத்த கப்பலில் அடுத்த ஆள் போவான் என்பதை மச்சான் விளக்கினார். அத்தை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அம்புட்டு அவசரமா?" என்றாள், குதர்க்கம் இல்லாமல். மச்சானின் கைவிரல்கள் அரைஞாண் கயிற்றையே தடவிக்கொண்டிருந்தன. நான் அவரைத் தெருப்பக்கம் இழுத்துப் போனேன். முன்சீப் தகவல் அனுப்பியிருந்தால் சுகாதார இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் வரலாம் என்றும், வந்தால் இங்கே நிற்கிற நம் பெயர்களையும் எழுதிக்கொள்வார் என்றும், எழுதியபிறகு பெட்டி கிடைத்தாலும் கப்பல் கிடைக்காது என்றும் சொன்னேன்.

"அப்ப என்னதான் வழி?"

"முறைப்படி வழி இல்லை" என்றேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தப் பெண்ணின் குரல் எனக்குத் தெரியும். இது அதைவிடக் கரகரப்பாக, கீழேயிருந்து வருவது போல இருந்தது.

"அடியே. எம் பொருளா அது? வந்தவன வந்த வழி பாத்து அனுப்புடி."

அத்தை அப்படியே தரையில் விழுந்தாள். அம்மை கண்டவர் அந்த நாட்களில் என்ன சொன்னாலும் அது ஆத்தாளின் வாக்கு. மகள் அம்மாவை 'அடியே' என்று கூப்பிட முடியாது, ஆத்தாளால் முடியும். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து, செம்பை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்த உரலின்மேல் வைத்தாள். பெட்டியை வாசல் வரை இழுத்து வந்தாள். மறுபடி உள்ளே போய் ஹோல்டாலையும் தூக்கி வந்து அதன்மேல் போட்டாள். வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்தை நான் தட்டிவிடப் போனேன். "தட்டாத" என்றாள்.

சாமான்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். போயிட்டு வாரேன் என்று மச்சான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

பாசஞ்சர் வந்து நின்றதும் அதிலிருந்து கையில் பினாயில் டின்னோடு ஒருவர் இறங்கினார். தாலுகா ஆபீசுக்கு வந்துபோகும் சுகாதார இன்ஸ்பெக்டர்.

"என்ன சார், இங்க நிக்கிறீங்க?"

"மச்சான் அபிசீனியா போறார். ஏத்திவிட வந்தேன்."

"அடேயப்பா!" அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. டின்னைக் கீழே வைத்தார். "பொட்டி கனமா இருக்கும் போலயே, செத்த நகருங்க" என்று சொல்லி, ஹோல்டாலை மார்போடு அணைத்துத் தூக்கி ரயிலுக்குள் ஏறி, பலகையின்மேல் வைத்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். "நல்லபடியாப் போய்ட்டு வாங்க சார். நம்ம ஊர் பேரக் காப்பாத்துங்க." பிறகு என்னிடம் திரும்பி, முன்சீப் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ஜன்னல் வழியாக மச்சானிடம், "அந்தப் படுக்கையைப் பம்பாயில் வீசிவிடுங்கள்" என்றேன்.

"வெயில்ல போட்டா சரியாயிரும் மாப்ளே. புதுசு."

ரயில் புறப்படுவதை அக்கா சொன்னபடி கடைசிவரை பார்த்தேன்.

அடுத்த நாளே நகராட்சி ஆபீசில் சட்டைக் கையை மடக்கி மறுபடி அம்மை குத்திக்கொண்டேன். பிறகு காத்திருந்தேன். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் நெற்றியைப் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. வடமதுரையில் அந்தப் பெண் பிழைத்தாள். முகத்தில் தழும்புகள் ஆழமாக விழுந்தன. இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிற்று. "உத்தரவு குடுத்தவளே கண்ணையும் எடுத்துக்கிட்டா" என்று அத்தை சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதில் எங்கள்மேல் குற்றச்சாட்டு இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மச்சான் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது, எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக. அக்கா அதை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

மறு வருஷம் ஆவணியில் அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது. இதில் தியாகம் எதையும் யாரும் காண வேண்டாம். முறை அது. தவிர, ஒற்றைக் கண்ணோடு அவள் பார்த்தது, இரண்டு கண்ணோடு நான் பார்த்ததைவிட எப்போதும் அதிகம். கல்யாணமான புதிதில் ஒருநாள், அன்றைக்கு ஆத்தாள் பேசியதைப் பற்றிக் கேட்டேன்.

"ஆத்தாளும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான் பேசுனேன்" என்றாள். "அம்மா வேற எப்பிடிக் குடுக்கும்? வாசல்ல நின்னு அந்த அண்ணன் கெஞ்சுறதக் கேக்க முடியல."

"உங்கம்மாவிடம் சொன்னாயா?"

"சொல்லவா? கண்ணு போனதுக்கு என்னையத்தான் வையும். இப்ப ஆத்தாள வையுது. இருக்கட்டும்."

முதல் மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்து மச்சான் விடுப்பில் வந்தார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கையில் தங்க நிறத்தில் கைக்கடிகாரம். ஆனால் ஆள் மெலிந்திருந்தார். வெளிநாடு போய்வந்தவர்கள் பேசுவது போல அவர் பேசவில்லை. என் வீட்டில் சாப்பிட வந்த அன்று, என் மனைவி வெஞ்சனம் வைத்துக்கொண்டே வம்புக்கு இழுத்தாள்.

"ஏண்ணே, அந்த ஊருல எல்லாரும் கறுப்புக் கண்ணாடிதான் போடுவாகளா? எனக்கொண்ணு வாங்கியாந்திருக்கலாம்ல. ஒரு பக்கம் கண்ணாடி இருந்தாப் போதும், பாதி வெலைக்கே குடுத்திருப்பான்."

மச்சான் சிரிக்க முயன்றார்.

"ஆனா அண்ணே, ஒங்க படுக்க அருமையான படுக்க. அம்மா அதத்தான் எனக்குத் தலைக்கு வச்சிருந்துச்சு. போர்வைய உருவி மேல போத்திவிட்டுச்சு. நீங்க வந்து நிக்கவும் அவசர அவசரமாச் சுருட்டி உள்ள திணிச்சுக் கட்டிக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் வெறுந்தரைல தல வலிச்சது பாருங்க, ஆத்தா வாக்க மாத்திச் சொல்லிருவமான்னு ஆயிப்போச்சு."

மச்சான் கை சோற்றிலேயே நின்றது. இலையை மடித்துவிட்டு எழுந்தார். என் மனைவி பதறிப்போய், "நான் என்னண்ணே தப்பாச் சொல்லிட்டேன்?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"மாப்ளே, என்கூட ஒருத்தர் வந்தார். மணப்பாறைப் பக்கம். அவரும் வாத்தியார். சென்னையில சேர்ந்துக்கிட்டோம்."

அந்த மனிதர் பயணத்துக்குப் படுக்கை கொண்டுவரவில்லை. சென்னையிலிருந்து பம்பாய் வரைக்கும் ரயிலில் மச்சானின் படுக்கையைப் பாதி பாதியாக விரித்துப் படுத்திருக்கிறார்கள். கப்பலில் போர்வை அவரிடமே இருந்திருக்கிறது. ஏடனில் இறங்கி அடுத்த கப்பலுக்குக் காத்திருந்த இடத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து, பிறகு முத்துப் போட்டிருக்கிறது. துறைமுக டாக்டர் வந்து பார்த்ததும், அவரை ஊருக்கு வெளியே கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மச்சானைக் கையை நீட்டச் சொல்லி, குத்திய தழும்பைப் பார்த்து, மஞ்சள் புத்தகத்தைப் பார்த்து, கேள்விகள் கேட்டிருக்கிறார்கள்.

"புறப்படுறதுக்கு முன்னாடி அம்மை கண்ட வீட்டுக்குப் போனியான்னு கேட்டாங்க. உள்ள போகலைன்னு சொன்னேன். உள்ள போகலதானே? வாசல்லதானே நின்னோம்?"

"வாசலில்தான் நின்றோம்."

"கொஞ்ச நாள் தனியா வச்சிருந்து என்னைய அனுப்பிட்டாங்க. அவரு அங்கயே போயிட்டாரு. அவர் வீட்டுக்கு நாந்தான் எழுதினேன். விஷக்காய்ச்சல்னு எழுதினேன்." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இத்தன நாளும் எனக்கு நானே ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தேன். பெட்டி பூட்டியிருந்துச்சு, படுக்க கட்டியிருந்துச்சு, யாரும் தொடலைன்னு. சொல்லு மாப்ளே. எங்கிட்டருந்துதான் போச்சா?"

பெரியம்மை அந்த வருஷம் மாகாணம் முழுக்க இருந்தது, ரயிலில் யாரிடமிருந்தும் வந்திருக்கலாம், நிரூபிக்க வழியில்லை என்று சொன்னேன். எல்லாம் உண்மை. அவர் கேட்டது அது இல்லை.

மறுநாள் அவர் அந்த மனிதரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். தனியாகப் போக மாட்டேன் என்றார். போனோம். ரயில் நின்று நின்று போயிற்று.

இறந்தவரின் அப்பா ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஓட்டு வீடு. மகன் படம் சுவரில் மாலையோடு இருந்தது. தான் யார் என்று மச்சான் சொன்னதும் அந்தப் பெரியவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கூட இருந்தீங்களே தம்பி. அது போதும். யாருமில்லாம போயிட்டானோன்னு அவங்கம்மா சாகுற வரைக்கும் பொலம்பினா."

காப்பி வந்தது. மச்சான் தம்ளரைத் தொடவில்லை. உள்ளேயிருந்து ஓர் இளைஞனைக் கூப்பிட்டு எங்கள்முன் நிறுத்தினார் அந்த மனிதர். இரண்டாவது மகன். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

"இவனும் அங்க எழுதிப் போட்டிருக்கான் தம்பி. கெடைச்சுரும் போல இருக்கு. அண்ணன் போன எடந்தானே, அரசாங்கம் கொஞ்சம் எரக்கம் பாக்கும்ல?" பிறகு, நான் தாலுகா ஆபீஸ் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார். "பாஸ்போர்ட்டுக்கு இப்ப என்னென்ன சார் வேணும்? பழைய முறைதானா?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே வந்தார். அம்மை குத்திய மஞ்சள் புத்தகத்துக்கு வந்ததும் கையால் தடுத்தார்.

"அது பிரச்சனை இல்ல. நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. குத்தாமலே முத்திரை போட்டுக் குடுத்துருவாரு. பெரியவனுக்கும் அப்படித்தான் வாங்கினேன். ஊசின்னா அவனுக்குச் சின்னதுலருந்தே பயம். நானும் ஒரு வாத்தியார்தான், பையனோட பயம் எனக்குத் தெரியாதா? கையைக் கிழிச்சுக் காய்ச்சலோட எதுக்கு அனுப்பணும்னு நெனச்சேன்."

இளைஞன் கூச்சத்தோடு சிரித்தான். அவன் கைகள் வழவழவென்று தழும்பில்லாமல் இருந்ததைப் பார்த்தேன். மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அதுதான் சுலபம். ரயிலுக்கு நேரமாயிற்று என்று சொன்னால் போதும். அந்த வீட்டில் எல்லோரும் நன்றியோடு வாசல் வரை வந்து வழியனுப்பியிருப்பார்கள்.

"ஐயா" என்றார். "விஷக்காய்ச்சல்னு நான் எழுதினது பொய். அவருக்கு வந்தது பெரியம்மை."

அந்த மனிதருக்கு உடனே புரியவில்லை. நாங்கள் குடிக்காத காப்பியைப் பார்த்தார். மகனின் கையைப் பார்த்தார். பிறகு புரிந்தது. அது புரிகிற நேரம் முழுவதும் நாங்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

"அப்ப அந்த முத்திரை" என்று தொடங்கி, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

மச்சான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். பரஸ்தானம், வடமதுரை, படுக்கை, போர்வை, டாக்டரிடம் சொன்ன பதில். "எங்கிட்டருந்து வந்ததுதான் ஐயா. உங்க தப்பு இல்ல. என் படுக்கையிலதான் அவர் படுத்தார்."

அந்த மனிதர் கவனமாகக் கேட்டார். மாணவன் சொல்லும் தப்பான விடையைக் கேட்பது போலக் கேட்டார். கடைசியில் மச்சானின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார்.

"பெருந்தன்மைக்குச் சொல்றீங்க தம்பி. கெழவன் மனசு ஒடஞ்சிருமேன்னு சொல்றீங்க. அந்தப் படுக்கையில நீங்களும்தானே படுத்தீங்க? உங்களுக்கு வரலையே."

சரியான கணக்கு அது. மச்சான் என்னைப் பார்த்தார். இரண்டு பேரில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மனிதர் எழுந்து கொடியில் கிடந்த மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மகனைப் பார்த்தார்.

"சட்டையப் போடு. பஞ்சாயத்து ஆபீஸ்ல இன்னைக்கு அம்மை குத்துறவரு வந்திருப்பாரு."

"இப்பவாப்பா?"

"இப்பவே."

வீட்டைப் பூட்டாமலே இறங்கிவிட்டார். நாங்களும் இறங்கினோம். தெருவில் அவரும் மகனும் முன்னால் போனார்கள். அப்பா மகனின் மேற்கையை இறுக்கிப் பிடித்திருந்தார், கூட்டத்தில் தொலைந்துவிடக்கூடிய சின்னப் பையனைப் பிடித்திருப்பது போல.

"ரொம்ப வலிக்குமாப்பா?" என்று அவன் கேட்பது எங்களுக்குக் கேட்டது.

அவர் நடையை வேகமாக்கினார்.